தவக்காலத்தில் ஒரு பங்கு என்ன செய்கிறது?

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்திய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் பேச்செல்லாம் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றியே நடக்கிறது. இறைச்சி ஆகுமா, மீன் ஆகுமா, ஞாயிற்றுக்கிழமை கணக்கில் உண்டா, இந்த ஆண்டு எதை விட்டிருக்கிறீர்கள்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், தவக்காலம் என்பது ஒவ்வொரு கத்தோலிக்கரும் தனித்தனியாக மேற்கொள்ளும் உணவுக் கட்டுப்பாடு என்றும், கோவிலில் நடக்கும் சாம்பலும் சிலுவைப்பாதையும் அதற்குத் தொட்டுக்கொள்ள வைத்தவை என்றும் தோன்றிவிடும்.

உண்மையில் தவக்காலம் பங்கு முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை. பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில், பெரும்பாலும் வரையறுத்த எல்லைக்குள் வாழும் கத்தோலிக்கச் சமூகம். அந்தச் சமூகம் இந்த வாரங்களில் திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) நோக்கி நடக்கிறது. நோன்பு, சாம்பல், குருவின் ஊதா உடை, மௌனம் எல்லாவற்றுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. இங்கே சொல்லப்படுவது இலத்தீன் வழிபாட்டு முறை. கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த கத்தோலிக்கருக்குத் தொடக்க நாளும் நோன்பு விதிகளும் வேறு.

## யாருக்காக இந்த ஆயத்தம்?

நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பெறப்போவது ஒருத்திதான். ஆனால் சமையல், தூக்கம், பயணம், செலவு என்று வீட்டில் எல்லாருடைய நடப்பும் மாறிவிடுகிறது. யாரும் உட்கார்ந்து சட்டம் போடுவதில்லை. வரப்போகும் உயிருக்காக வீடு தானே ஒதுங்கி இடம் விடுகிறது.

ஆதித் திருச்சபையில் தவக்காலம் உருவானதும் ஏறக்குறைய இப்படித்தான். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில் புதியவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். அதற்கு முன் அவர்கள் நோன்பிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து மற்றவர்களும் இருந்தார்கள். பெரும்பாவம் செய்து விலக்கப்பட்டவர்களும் இதே நாட்களில் தவம் செய்து, பாஸ்காவுக்கு, அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, முன் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆக, புதிதாக வருபவர், திரும்பி வருபவர் என்ற இரு சாராரையும் நடுவில் வைத்துக்கொண்டு சமூகம் நோன்பு காத்தது.

பிற்காலத்தில் குழந்தைத் திருமுழுக்கே வழக்கமாகிவிட்டதால், புதியவர் என்ற கூட்டம் கண்ணிலிருந்து மறைந்தது. தவம் மட்டும் மிஞ்சியது. எதற்காக என்பது மங்கி, எதை விடுவது என்பது பெரிதாகிவிட்டது. இன்றுள்ள குழப்பத்தில் பெரும்பகுதிக்கு இதுவே வேர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, தவம் என்ற இரண்டு முகங்கள் உண்டு என்று நினைவூட்டியது. வயதுவந்தோருக்கான புகுமுகச் சடங்குமுறை 1972இல் மீண்டும் வந்தது.

இந்தச் சடங்குமுறைப்படி, திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்யும் புகுமுக நிலையினர் தவக்காலத்தின் முதல் ஞாயிறை ஒட்டி, வழக்கமாகப் பேராலயத்தில், மறைமாவட்டத் தலைவரான ஆயர் முன் அழைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் ஏட்டில் எழுதப்படுகின்றன. அதன்பின் அவர்கள் 'தேர்ந்துகொள்ளப்பட்டோர்'. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் பங்குத் திருப்பலியில் (பூசையில்) அவர்களுக்கு ஆய்வுச் சடங்கு நடக்கிறது. பெயரைக் கேட்டுக் கேள்வி பதில் தேர்வு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் முழந்தாளிட, பங்கு மக்கள் அவர்களுக்காக மன்றாட, குரு கைகளை விரித்துத் தீமையிலிருந்து விடுதலை வேண்டும் செபம் அது. அன்று வாசிக்கப்படும் நற்செய்திகள் யோவானிலிருந்து: சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், லாசர். தண்ணீர், ஒளி, உயிர். மூன்றும் திருமுழுக்கின் அடையாளங்கள்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. இந்த மூன்று நற்செய்திகளும் முதலாம் ஆண்டுக்குரியவை. 2026 முதலாம் ஆண்டு என்பதால் தொல்லை இல்லை. மற்ற இரு ஆண்டுகளில், ஆய்வுச் சடங்கு நடக்கும் திருப்பலிக்கு ஒரு வாசகத் தொகுதியும் மற்றத் திருப்பலிகளுக்கு வேறொன்றும் என்று ஆகிவிடும். இதை முன்கூட்டியே வாசகர்களுக்கும் பாடகர் குழுவுக்கும் சொல்லாவிட்டால், வாசகர் ஒன்றை வாசிக்க, மறையுரை இன்னொன்றைப் பற்றிப் போகும்.

சுருக்கம்: தவக்காலம் திருமுழுக்கு நோக்கிய பயணம். இந்த ஆண்டு உங்கள் பங்கில் புதியவர் ஒருவரும் இல்லை என்றாலும், பாஸ்கா இரவில் எல்லாரும் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பார்கள். அதற்கான ஆயத்தம் அப்போதும் உண்டு.

## நாற்பது எப்படி வருகிறது?

நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாட்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. மக்கள் வழக்கில் உள்ள கணக்கு இது. முதல் ஞாயிறிலிருந்து பெரிய வியாழன் வரை இடைவிடாமல் எண்ணினாலும் 40தான் வரும். பழைய கணக்கு அது. வழிபாட்டு நாட்காட்டியின்படி தவக்காலம் திருநீற்றுப் புதனில் தொடங்கி, பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன் முடிந்துவிடுகிறது.

ஞாயிறு நோன்பில் சேராது என்பதற்காக அது தவக்காலத்துக்கு வெளியே இருப்பதாக எண்ண வேண்டாம். அன்றும் பெரும்பாலும் ஊதா உடைதான், அன்றும் அல்லேலூயா என்ற மகிழ்ச்சி முழக்கம் இல்லை. நீங்களாக எடுத்த தீர்மானத்தை ஞாயிறன்று தளர்த்துவதா என்பது உங்கள் விருப்பம். அதைப் பற்றிச் சட்டம் எதுவும் பேசவில்லை.

தேதி ஏன் மாறுகிறது? திருச்சபைக் கணக்கில் மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எங்கும் விழலாம். 2026இல் ஏப்ரல் 5. ஆகவே திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. 2027இல் மார்ச் 28; திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10.

## சாம்பல்

முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று (உயிர்ப்புக்கு முந்திய ஞாயிறு) மந்திரித்த குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுக்கிறார்கள். சில வாரங்களுக்கு முன்பே வீடுகளிலிருந்து பழைய ஓலைகளைச் சேகரிப்பது வழக்கம். ஓலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் புகைந்து, பாதி வெந்த நாராகவே நிற்கும். ஓலையில் கட்டிய நூல், நெகிழி, வண்ணத்தாள் எல்லாவற்றையும் முதலில் அவிழ்த்துவிட வேண்டும். எரிந்தது ஆறியபின் நுண்ணிய சல்லடையில் சலிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரித்துண்டு நெற்றியைக் கீறும், கண்ணிலும் விழும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, சாம்பல் ஒட்டுவதற்காகத் தண்ணீர் ஊற்றிக் குழைப்பது. சாம்பலும் நீரும் சேர்ந்தால் காரத்தன்மை கூடும். மென்மையான தோலில் எரிச்சலும் சில சமயம் புண்ணும் வரும். உலர்ந்த சாம்பலே நல்லது. சில இடங்களில் நெற்றியில் சிலுவையாக வரையாமல் உச்சந்தலையில் தூவுகிறார்கள், இரண்டும் சரியே.

சாம்பல் பூசிக்கொள்வது திருமுழுக்கு, நற்கருணை போன்ற ஏழு அருளடையாளங்களுள் ஒன்றல்ல. அது மனமாற்றத்தின் வெளிக்குறி. எனவே நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்க முடியாதவரும், திருமுழுக்குப் பெறாதவரும்கூடப் பெற்றுக்கொள்ளலாம். திருநீற்றுப் புதன், கட்டாயம் திருப்பலிக்குப் போக வேண்டிய கடன் திருநாளும் அல்ல. ஆயினும் பல பங்குகளில் பெருவிழா நாட்களுக்கு நிகராகக் கூட்டம் வருகிறது. அன்றைய நற்செய்தி, பிறர் பார்க்கும்படி அறச்செயல் செய்யாதீர்கள் என்கிறது (மத்தேயு 6). அதைக் கேட்ட கையோடு நெற்றியில் அடையாளம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். இந்த முரண்பாடு கொஞ்சம் உறுத்துவது நல்லதுதான்.

## ஒருசந்தியும் சுத்தபோசனமும்

மிக அதிகமாகக் குழப்பப்படுவது இதுதான். இரண்டும் வெவ்வேறு கடமைகள்.

ஒருசந்தி என்பது உணவின் அளவைக் குறைப்பது. ஒரு நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளைகளில் சிறிதளவு உண்ணலாம். அவை இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது என்பது பரவலான நடைமுறை விளக்கம். தண்ணீரும் மருந்தும் தடையில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று யாராவது சொன்னால், அது அவருடைய பக்தி. சட்டம் அதைக் கேட்கவில்லை.

சுத்தபோசனம் என்பது உணவின் வகையை ஒதுக்குவது: இறைச்சி உண்ணாதிருத்தல். மீன், முட்டை, பால் பொருட்கள் தடையில்லை. ஆனால் இறைச்சிக்குப் பதில் அதைவிட விலை உயர்ந்த மீன் விருந்து வைத்தால், எழுத்து காக்கப்படும், பொருள் போய்விடும்.

இனி நாட்கள். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள், சுத்தபோசன நாட்களும்கூட. தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். சட்டம் கட்டாயமாகக் கேட்கும் ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாட்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தியமைத்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை ஒட்டியே செல்கிறது. கட்டாயத்தைக் குறைத்ததன் நோக்கம் தவத்தைக் குறைப்பதல்ல, அதை அவரவர் மனமுவந்து ஏற்கச் செய்வது. அந்த இரண்டாவது பாதி நடந்ததா என்பது வேறு கேள்வி.

வயது: சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லாரையும் கட்டுப்படுத்தும், மேல்வரம்பு இல்லை. ஒருசந்தி 18 நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கடும் உடலுழைப்பு செய்பவர்கள் நோன்பால் உடல் கெடும் நிலையில் இருந்தால் அவர்களுக்குக் கடமையில்லை. ஐயம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். தகுந்த காரணம் இருந்தால் விலக்கு அளிக்கவோ வேறொரு பக்திச் செயலாக மாற்றித்தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் யாரிடமும் கேட்காமல் வீம்பாகப் பட்டினி கிடப்பது தவம் ஆகாது.

ஒரு விதிவிலக்கு: வெள்ளிக்கிழமையில் பெருவிழா விழுந்தால் அன்று சுத்தபோசனக் கடமை இல்லை. 2027இல் புனித யோசேப்பு பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு நாட்டின் ஆயர் பேரவையும் இந்த விதிகளை உள்ளூருக்கு ஏற்ப வகுத்துக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் மறைமாவட்டச் சுற்றறிக்கையே கடைசிச் சொல்.

சுருக்கம்: ஒருசந்தி அளவு, சுத்தபோசனம் வகை. இரண்டு நாட்களுக்கு இரண்டும். மற்ற வெள்ளிகளுக்கு இரண்டாவது மட்டும்.

## கோவிலில் குறைபவை

தவக்காலத்தில் வழிபாட்டிலும் ஒரு நோன்பு நடக்கிறது. திருநீற்றுப் புதன் முதல், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை அல்லேலூயா எங்கும் பாடப்படாது, பெருவிழா நாட்களிலும்கூட. வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டு பெருவிழா, விழா நாட்களிலும் பெரிய வியாழனிலும் மட்டும். பீடத்தில் பூக்கள் இல்லை. இசைக்கருவிகள் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும். தனி வாசிப்பு இல்லை. நான்காம் ஞாயிறிலும் பெருவிழா, விழா நாட்களிலும் இது சற்றுத் தளரும்: பூக்கள் வைக்கலாம், நான்காம் ஞாயிறன்று இளஞ்சிவப்பு உடையும் அணியலாம்.

பாடகர் குழுவுக்கு இது கடினமான காலம். கருவி ஓய்ந்ததும் குரல்கள் எங்கே நிற்கின்றன என்பது வெளிப்பட்டுவிடும். எல்லாரும் அறிந்த சில பாடல்களையே வாரந்தோறும் திரும்பப் பாடுவது நல்லது. புதுப் பாட்டு கற்பிக்க இது நேரமல்ல.

தீர்த்தத் தொட்டிகளை வற்றவிட்டு மணலோ கல்லோ நிரப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது தவறு, வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 2000ஆம் ஆண்டிலேயே இதை அனுமதிக்க முடியாது என்று விளக்கிவிட்டது. திருமுழுக்கை நினைவூட்டும் நீரைத் திருமுழுக்குக்கு ஆயத்தமாகும் காலத்தில் எடுத்துவிடுவது பொருந்தாது. பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையான பாஸ்கா முப்பெரும் நாட்களில் மட்டும், விழிப்பில் மந்திரிக்கும் புதுநீருக்காகத் தொட்டியைக் காலி செய்வது வழக்கம்.

## வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை

பிலாத்துவின் தீர்ப்பிலிருந்து கல்லறை வரை 14 நிலைகளில் நின்று செபிப்பது சிலுவைப்பாதை. எண்ணிக்கையை 14 என்று உறுதிப்படுத்தியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட், 1731இல். புனித பூமிக்குப் போக முடியாதவர்கள் தங்கள் கோவிலுக்குள்ளேயே அந்த வழியை நடப்பதற்கு இது உதவியது. பரப்பியவர்கள் முக்கியமாகப் பிரான்சிஸ்கன் துறவியர்.

இதற்குக் குருவே வேண்டும் என்பதில்லை. பங்கின் குழுக்கள் முறைபோட்டு நடத்தலாம். ஒரே ஆபத்து நீளம். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நிமிடச் சிந்தனை என்றாலும் 28 நிமிடங்கள். பாட்டும் செபமும் முழந்தாளிடுதலும் சேர்ந்தால் 50ஐத் தாண்டும். சிந்தனையை ஐந்தாறு வரிக்குள் நிறுத்துங்கள். மறையுரை வைப்பதற்கு இது இடமில்லை.

## ஒப்புரவு வரிசை

பெரும்பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் பாஸ்கா காலத்தில், நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இதன் விளைவாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டி முன் வரிசை குருத்து ஞாயிறுக்குப் பின் திடீரென நீண்டுவிடுகிறது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு குருவால் ஒரு மணி நேரத்தில் 12 பேரைத்தான் கேட்க முடியும். அதனால்தான் அக்கம்பக்கத்துப் பங்குக் குருக்கள் ஒரு மாலை சேர்ந்து வந்து அமர்கிறார்கள். பொதுவாக வாசகமும் ஆன்ம சோதனையும் நடக்கும்; பாவ அறிக்கையும் மன்னிப்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே. 2014 முதல் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிய 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' நான்காம் ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, சனியில் வருகிறது. அவசரமில்லாமல் பேச விரும்புபவர் அப்போதே போய்விடுவது புத்திசாலித்தனம்.

## மிச்சப்பட்ட பணம்

செபம், நோன்பு, தர்மம் என்ற மூன்றும் பின்னிப் பிணைந்தவை. உண்ணாமல் மிச்சமானது இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அது வெறும் சிக்கனம். பெரிய வெள்ளிக் காணிக்கை உலகெங்கும் புனித பூமிக் கிறிஸ்தவர்களுக்காக எடுக்கப்படுகிறது. பங்கு தனியாக எடுக்கும் நிதிக்கு, எவ்வளவு வந்தது, எங்கே போனது என்பதைப் பாஸ்கா முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். எழுதாத பங்கில் அடுத்த ஆண்டு காணிக்கை உறைகள் மெலியும்.

## புனித வாரம்: தவறு நேரும் இடங்கள்

குருத்து ஞாயிறன்று சிவப்பு உடை, பவனி, திருப்பாடுகளின் வாசகம். பாடுகளைப் பலர் பங்கு பிரித்து வாசிப்பதால் ஒலிபெருக்கியோடு ஓர் ஒத்திகையாவது தேவை. பெரிய வியாழன் காலையிலோ அதற்கு முந்திய ஒரு நாளிலோ பேராலயத்தில் ஆயர் குருக்களோடு சேர்ந்து மூன்று எண்ணெய்களைப் புனிதப்படுத்துகிறார்: நோயாளர் எண்ணெய், புகுமுக நிலையினர் எண்ணெய், கிறிஸ்மா என்ற நறுமண எண்ணெய். பங்கு ஓராண்டுக்குப் பயன்படுத்துவது இவற்றைத்தான்.

அதன்பின் வருவது முப்பெரும் நாட்கள். வியாழன் மாலை இராவுணவுத் திருப்பலியில், வழிபாட்டுப் பொருட்களைக் கவனிக்கும் சக்ரிஸ்திப் பொறுப்பாளர் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. ஆனால் நற்கருணை வழங்கப்படும். அதற்கான அப்பங்களும் வியாழனன்றே அர்ச்சிக்கப்பட வேண்டும். வியாழன் கூட்டம், வெள்ளிக் கூட்டம், வெள்ளியன்று நற்கருணை கொண்டுசெல்லும் நோயாளிகள் மூன்றையும் கூட்ட வேண்டும். திருப்பலி தொடங்கும்போது நற்கருணைப் பேழை காலியாக இருக்க வேண்டும் என்பதால் பழைய இருப்பை நம்ப முடியாது. குறைந்துபோனால் வெள்ளியன்று ஈடுகட்ட வழியில்லை. இருப்பதைச் சிறுசிறு துண்டாக்கித்தான் கொடுக்க வேண்டும். வியாழன் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கும் உண்டு. 2016 முதல் பெண்களையும் இதற்கு அழைக்கலாம்.

பெரிய வெள்ளி வழிபாடு வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணியளவில்: இறைவாக்கு, சிலுவை ஆராதனை, நற்கருணை. சிலுவைப்பாதை வேறு, இது வேறு. ஒன்றில் கலந்துகொண்டவர் மற்றதையும் முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்வது சகஜம். பெரிய வெள்ளியிலும் புனித சனியிலும் திருமணம் நடத்துவதில்லை. இறந்தவரை அடக்கம் செய்யலாம். ஆனால் வியாழன் முதல் ஞாயிறு வரை அடக்கத் திருப்பலி இல்லை, அடக்கச் சடங்கு மட்டுமே. துக்க வீட்டாருக்கு இதை மென்மையாக, முதலிலேயே சொல்லிவிடுவது பங்குப் பேரவையின் கடமை.

பாஸ்கா திருவிழிப்பு நன்றாக இருட்டியபின் தொடங்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முடிய வேண்டும். வசதிக்காக மாலை வெளிச்சத்திலேயே தொடங்கினால் நெருப்பும் திரியும் பொருளற்றுப் போகும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தேவையானால் குறைக்கலாம், ஆனால் மூன்றுக்குக் கீழே போகாமல். செங்கடலைக் கடந்த வாசகத்தை (விடுதலைப் பயணம் 14) எக்காரணம் கொண்டும் விட முடியாது, ஏனென்றால் அதற்கு அடுத்து வரப்போவது தண்ணீர். பின்னர் நீர் மந்திரிக்கப்பட்டு, தேர்ந்துகொள்ளப்பட்டோர் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் ஒரே இரவில் பெறுகிறார்கள்.

## இடையில் வந்து சேர்பவருக்கு

திருநீற்றுப் புதனைத் தவறவிட்டவர் தவக்காலத்தையே தவறவிட்டவர் ஆகமாட்டார். மறதியாக வெள்ளியன்று இறைச்சி உண்டுவிட்டால் அது பாவமில்லை. நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டால் போதும். பல ஆண்டுகள் கோவில் பக்கம் வராதவர் ஒப்புரவுக்குப் போகும்போது, முறை மறந்துவிட்டது என்று முதல் வாக்கியத்திலேயே குருவிடம் சொல்லிவிடலாம், அவர் வழிநடத்துவார். கத்தோலிக்கர் அல்லாதவர் எல்லா வழிபாடுகளிலும் உட்காரலாம். நற்கருணை வாங்க வரிசையில் போகாமலிருந்தால் போதும். முப்பெரும் நாட்களில் ஒன்றுக்குத்தான் வர முடியும் என்றால் சனி இரவுக்கு வாருங்கள். அரை மணி நேரம் முன்பே வாருங்கள். நெருப்பு கோவிலுக்கு வெளியே மூட்டப்படுகிறது, தாமதமாக வருபவர்களுக்கு உள்ளே விளக்கில்லாத இருட்டில் இடம் தேடுவது சிரமம்.